மேகத்தில் ஒரு கூட்டுப் பட்டா: ஒன்பது பேர் புழங்கும் ஒற்றைக் கணக்கு குறித்த ஆய்வு

ஒரு சிறு நிறுவனத்தில் ஒன்பது பேர் ஒரே மேகச் சேமிப்புக் கணக்கைப் புழங்குகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் கஞ்சத்தனம்தான் என்று ஆய்வுலகம் இதுவரை நம்பி வந்திருக்கிறது. ஆய்வுலகம் என்று இங்கே குறிப்பிடப்படுவோர் மூவர்: உரிமம் விற்கும் ஏஜெண்ட், கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வரும் தம்பி, பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் முதலாளியின் மைத்துனர். மூவரும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். இந்த ஒன்றில் ஒத்துப்போய்விட்டதால் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. இக்கட்டுரை சோதிக்கிறது. கூட்டுக் கணக்கால் மிச்சமாகும் பணம் அற்பம். அதனால் மிச்சமாகும் பழியே பெரிது என்பது இங்கே முன்வைக்கப்படும் கருதுகோள்.

ஆய்வுக்களம் திருப்பூர். காதர்பேட்டைக்கு நடந்து போகும் தூரத்தில், முதல் மாடியில் இயங்கும் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம். பெயர் வேண்டாம். முதலாளி, அவர் மகன், மெர்ச்சண்டைசர்கள் இருவர், பேட்டர்ன் மாஸ்டர், டிசைனர் தம்பி, அக்கவுண்ட்ஸ் அக்கா, ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்ப்பவர், ஃபேப்ரிக் ஃபாலோஅப்புக்கு அலையும் பையன் என மாந்தர் ஒன்பதின்மர். கணக்கு ஒன்று. அதை மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கிரிக்கெட் வீடியோ பார்ப்பதற்காகத் தொடங்கினான். எனவே அதன் முகவரியில் ஒரு விக்கெட் கீப்பரின் பெயரும் ஏழாம் எண்ணும் இருக்கின்றன. ஜெர்மனியிலிருந்து வரும் பர்ச்சேஸ் ஆர்டர்கள் இன்றும் அந்த முகவரிக்குத்தான் வருகின்றன. ஜெர்மானியர் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

இந்த உடைமை முறைக்கு இணையானதைத் தேடி வெளிநாட்டுச் சட்ட நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. தாலுகா ஆபீஸ் போதும். கூட்டுப் பட்டாவில் அண்ணன், தம்பி, அத்தை மகன், செத்துப்போன சித்தப்பா என்று எல்லார் பெயரும் இருக்கும். யார் பங்கு எந்த மூலையில் என்பது மட்டும் இருக்காது. ஆனால் நிலத்தில் இறங்கிப் பார்த்தால் குழப்பமே இல்லை. கிணற்றுக்கு மேற்கே பெரியவனுக்கு, வேப்பமரத்துக்குத் தெற்கே சின்னவனுக்கு என்று அனுபவத்தில் எல்லை உண்டு. நம் கணக்கும் அப்படியே. ‘பில்’ என்ற ஃபோல்டர் அக்கவுண்ட்ஸ் அக்காவுடையது. மற்றவர்கள் அதைத் திறப்பதில்லை, திறந்தாலும் சொல்வதில்லை. ‘சாம்பிள் ஃபோட்டோ’ மெர்ச்சண்டைசர்களுடையது. ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் 2’ என்று கிடப்பவை புறம்போக்கு. அவற்றில் யார் வேண்டுமானாலும் எதையும் கொட்டலாம். காலி செய்யச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

முன்னோர் வழக்கு

கடவுச்சொல்லைப் பிறரோடு பகிரும் வழக்கம் கடவுச்சொல் பிறந்த வீட்டிலேயே பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961இல் சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டியது. பெரிய கணினி ஒன்று, அதில் உட்கார வேண்டியவர்கள் பலர். ஒருவர் கோப்பை இன்னொருவர் நோண்டக் கூடாதென்று ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் நான்கு மணி நேரம்தான் ஒதுக்கீடு. அவருக்குப் போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிடும்படி துளையட்டையில் ஒரு கோரிக்கை போட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை விடிந்ததும் வந்து அச்சுத்தாளை எடுத்துக்கொண்டார்.

இதுவரை இது சாதாரணத் திருட்டு. நம் ஆய்வுக்கு முக்கியமானது அடுத்து அவர் செய்தது. பழி தன் ஒருவர் தலையில் மட்டும் விழக் கூடாது என்று அந்தப் பட்டியலை மற்றவர்களுக்கும் கொடுத்தார். பிற்காலத்தில் கணினி வலையமைப்பின் முன்னோடிகளில் ஒருவராகக் கொண்டாடப்பட்ட லிக்லைடர்கூட அதில் ஒரு பங்கு பெற்று, ஆய்வகத் தலைவரின் கணக்கில் நுழைந்து கேலிக் குறிப்புகள் எழுதி வைத்ததாக வரலாறு. ஷெர் பல ஆண்டுகள் கழித்துத் தாமாகச் சொன்ன பிறகே உண்மை வெளிவந்தது. அதாவது நமக்குத் தெரிந்த முதல் கடவுச்சொல் பகிர்வே பணத்துக்காக நடக்கவில்லை. காசு விவகாரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுங்கள் என்ற உபதேசத்துக்கும் வரலாறு உண்டு. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்துக்காக 2003இல் அந்த அறிவுரையை எழுதியவர் பில் பர். அவரே 2017இல் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு வந்த புதிய வழிகாட்டி, காரணமில்லாமல் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம் என்றது. நம் அலுவலகம் இந்த அறிவியல் உண்மையை அமெரிக்காவுக்கு முன்பே கண்டறிந்து, யாருக்கும் சொல்லாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறது. கணக்கு தொடங்கிய நாள் முதல் கடவுச்சொல் ஒன்றே. அதில் முருகன் பெயரும் 123ம் இருக்கின்றன. முழுவதும் எழுதுவது ஆய்வு அறத்துக்குப் பொருந்தாது. ஊகிப்பது வாசகர் சுதந்திரம்.

அது எழுதி வைக்கப்பட்டுள்ள இடம் தனி ஆய்வுக்குரியது. தினசரி காலண்டரில், சாமி படத்துக்குக் கீழே, தாள் கட்டுக்கு மேலே, அட்டையில் ஒரு விரற்கடை இடம் காலியாக இருக்கும். அங்கே பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருக்கிறது. ராகு காலம் பார்க்க வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஒவ்வொரு ஜனவரியிலும் நூல் வியாபாரி புதுக் காலண்டர் கொடுப்பார், பழையது இறங்கும். ஒரு வருடம் பழைய அட்டை, கட்டிங் மாஸ்டரின் மகளுக்குப் பரீட்சை அட்டையாகப் போய்விட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை அலுவலகத்தின் கடவுச்சொல் ஓர் அரசுப் பள்ளித் தேர்வு அறையில் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. யாரும் அதைத் திருடவில்லை. இதைப் பாதுகாப்பு வல்லுநர்கள் எப்படி விளக்குவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவல்.

ஒரு சூத்திரமும் உரையும்

களத்தில் கண்டவற்றைத் தொகுத்தால் கீழ்வரும் சூத்திரம் கிடைக்கிறது:

ஓடிபி உடையோன் கணக்கு உடையோன்;
ஏனையோர் எல்லாம் இருந்து புழங்குநர்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், உரிமையின் இருப்பிடம் உணர்த்துதல் நுதலிற்று. கடவுச்சொல் அறிந்தார் ஒன்பதின்மர் ஆயினும் அறிதல் உடைமை ஆகாது. ஆறு இலக்கம் வந்து விழும் ஃபோன் எவர் சட்டைப்பையில் உளதோ அவரே உடையார் என்றவாறு. அற்றேல், மகன் தொடங்கிய கணக்கு மகனுக்கு உரித்தாகாதோ எனின், ஆகாது, என்னை? சிம் தந்தையார் பெயரில் இருத்தலின். ‘இருந்து’ என்றமையான், செக்கிங் டேபிள் ஓரம் நின்றவாறே மொபைலில் பார்ப்பார் விலக்கப்படுவரோ எனின், படார்; அவர் நின்றும் புழங்குவர் என்க.

சூத்திரத்துக்குக் களச்சான்று வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தூத்துக்குடிக்கு வண்டி கிளம்ப வேண்டிய நேரம். ஷிப்பிங் பார்ப்பவரின் சிஸ்டம் தானாக லாக் அவுட் ஆகியிருந்தது. கடவுச்சொல் போட்டார். ‘உங்கள் ஃபோனில் 47ஐத் தட்டவும்’ என்றது திரை. அந்த ஃபோனோ பழனியில் இருந்தது. முதலாளி குடும்பத்தோடு மலைக்குப் போயிருந்தார். 2023 அக்டோபர் 1 முதல் பழனி மலைக்கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. கீழே கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். ஆக அலுவலகத்தின் ஏற்றுமதி உரிமை முழுவதும் அந்த நேரத்தில் ஒரு டோக்கனாகச் சுருங்கி, முதலாளியின் வேட்டி மடிப்பில் ரோப் கார் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

“ஏனுங்கக்கா, அண்ணனுக்கு ரிங் போகுதுங்களா?”

“போயிட்டேதான் இருக்குது.”

“மலை ஏறிட்டாருங்களா, எறங்கிட்டாருங்களா?”

“அது முருகனுக்குத்தான் வெளிச்சம். நீ பேக்கிங் லிஸ்ட்ட மறுக்கா அடிச்சுப் போடேன்.”

“எரநூத்திச் சொச்சம் லைனுங்க்கா.”

47 மறைந்து 82 வந்தது. 82 மறைந்து, முயற்சி காலாவதியாகிவிட்டது என்று வந்தது. எட்டுப் பேரில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரைமுன் கூடி நின்றார்கள். கடைசியில் ஃபேப்ரிக் பையன்தான் கண்டுபிடித்தான். பேட்டர்ன் மாஸ்டர் சிஸ்டம் லாக் அவுட் ஆகவில்லை. மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். அவர் சிஸ்டத்துக்கும் கடவுச்சொல் உண்டு. அதுவும் எல்லாருக்கும் தெரியும். பேக்கிங் லிஸ்ட் இறங்கியது, வண்டி கிளம்பியது. சாவியை ஒருவரிடம் மட்டும் விட்டுவைக்காத வழக்கம் இல்லாதிருந்தால் அன்று கப்பல் போயிருக்கும், சரக்கு போயிருக்காது. ஏஜெண்ட் இதைத் தன் விளம்பரத் தாளில் சேர்க்கப் போவதில்லை.

கொள்ளளவு

அடுத்து நிலத்தின் பரப்பளவு. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடத்தோடு வந்தபோது பலர் அதை முட்டாள்தின வேடிக்கை என்றே நினைத்தார்கள். 2012இல் கூகுள் டிரைவ் 5 ஜிபியோடு வந்தது. 2013இல் அஞ்சல், கோப்பு, படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்று ஒரே தொட்டியாக்கினார்கள். படங்களைச் சற்றுச் சுருக்கி வைத்தால் கணக்கில் வராது என்ற சலுகை 2021 ஜூன் 1இல் நின்றது. ஆண்ட்ராய்டு ஃபோனின் வாட்ஸ்அப் பேக்அப் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வராது என்ற சலுகை 2024வாக்கில் படிப்படியாக நின்றது.

இந்தக் கடைசி மாற்றத்தை உலகம் கவனிக்கவில்லை. நம் அலுவலகம் மட்டும் கவனித்தது, காரணம் தெரியாமல். முதலாளியின் ஃபோனில் இருப்பதும் அதே கணக்கு. அவர் இருபதுக்கு மேற்பட்ட வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறார். காலை வணக்கப் படங்கள், பிரதோஷ நேரலை, ரோட்டரி கூட்டம், பேத்தி காதுகுத்து வீடியோ அத்தனையும் ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தூங்கும்போது மேகத்துக்கு ஏறின. ஒரு நாள் சேமிப்புக் கோடு சிவப்பானது. இடம் நிரம்பினால் இந்தக் கணக்குகளில் கோப்பு ஏறாது என்பதோடு நிற்காது. அஞ்சலும் வராது, போகாது. பையர் அனுப்பிய லேப் டிப் அப்ரூவல் (சாய மாதிரிக்கான ஒப்புதல்), முகவரியில் இடமில்லை என்று ஜெர்மனிக்கே திரும்பிப் போனது.

அன்று மாலை நடந்த நில ஒழிப்பை நேரில் பார்த்தேன். எது இடத்தை அடைக்கிறது என்பது திரையில் பட்டியலாகத் தெரிந்தது. முதல் வரியில் இருந்தது முதலாளியின் பேக்அப். எட்டுப் பேரும் அந்த வரியைப் படித்தார்கள். எட்டுப் பேரும் இரண்டாம் வரிக்குப் போனார்கள். மெர்ச்சண்டைசர் பழைய சீசன் சாம்பிள் படங்களை அழித்தார். மாஸ்டர் பெருமூச்சு விட்டபடி 2019ஆம் ஆண்டின் அளவுக் கோப்புகளைக் கொடுத்தார். டிசைனர் தம்பி மட்டும், “அந்த வாட்ஸ்அப்ப எடுத்தா ஒரே நிமிசத்துல முடிஞ்சிருங்” என்றான். யாரும் காதில் வாங்கவில்லை. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அவனுக்கு. அழித்தும் கோடு நகரவில்லை, ஏனென்றால் குப்பைத்தொட்டியில் கிடப்பதும் முப்பது நாள்வரை இடத்தில் சேரும். தொட்டியைக் காலி செய்யும் பொத்தானை அழுத்த யாரும் முன்வரவில்லை. அழுத்தியது யார் என்று பிறகு கேள்வி வருமே. அறையில் ஆள் குறைந்த ஏதோ ஒரு நேரத்தில் தொட்டி தானாகக் காலியாகியிருந்தது.

இதற்குப் பின்னரே குடும்ப முயற்சி. கூகுள் ஒன் என்ற கட்டணத் திட்டத்தில் 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய் என்றிருந்த காலம். அலுவலகத்தின் ஒரு நாள் டீ, வடைக் கணக்கு அதைத் தாண்டும். கஞ்சத்தனக் கோட்பாடு இந்த இடத்திலேயே உடைகிறது. முதலாளி மறுபேச்சில்லாமல் கட்டினார். வாங்கியவர் தம் இடத்தை மேலும் ஐந்து பேரோடு பகிரலாம், ஆனால் அவர்கள் ஒரே குடும்பமாகப் பதிவாக வேண்டும் என்றது திட்டம். மைக்ரோசாஃப்டின் குடும்பத் திட்டமும் ஆறு பேருக்குத்தான். இரண்டு பெரும் நிறுவனங்கள் தனித்தனியே சிந்தித்துக் குடும்பம் என்றால் ஆறு பேர் என்ற ஒரே முடிவுக்கு வந்திருப்பது மானிடவியலாளர்கள் கவனிக்க வேண்டியது. கொங்கு நாட்டில் ஆறு பேர் என்றால் அது பந்தியில் ஒரு இலை வரிசைகூட ஆகாது.

ஒன்பதை ஆறாக்க வேண்டும். முதலாளியும் மகனும் பிறவியிலேயே குடும்பம். அக்கவுண்ட்ஸ் அக்கா சேர்ந்தார். மெர்ச்சண்டைசர்கள் இருவரும் வேலையின் முக்கியத்துவம் கருதிச் சேர்க்கப்பட்டார்கள். ஆறாவது இடத்துக்கு ஷிப்பிங். மாஸ்டர் வெளியே. “இருபத்தி ரெண்டு வருசம் ஆச்சு இந்தக் கம்பெனில. நேத்து வந்த பொண்ணு குடும்பமாமா, நான் இல்லியாமா?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மெர்ச்சண்டைசர்களில் ஒருவர் கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போனார். ஓராண்டில் ஒரு முறைதான் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியும் என்பது திட்டத்தின் விதி. அலுவலகத்தின் நோட்டீஸ் பீரியடோ ஒரு மாதம். வேலையை விடுவதைவிடக் குடும்பத்தை விடுவது கடினம் என்பது நம் சமூகத்தில் ஏற்கெனவே தெரிந்த உண்மைதான்.

உலக அரங்கிலும் அளவு மீறிய புழக்கத்துக்கும் கூட்டுப் புழக்கத்துக்கும் தண்டனைகள் விழுந்துள்ளன. எல்லையற்ற இடம் தருவதாகச் சொன்ன ஒன்டிரைவ், சிலர் 75 டெராபைட்டுக்கு மேல் நிரப்பிவிட்டார்கள் என்று 2015இல் அதை நிறுத்தியது. டிராப்பாக்ஸ் 2023இல் வணிகத் திட்டத்தின் வரம்பின்மையை நீக்கியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கணக்கைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது. கடவுச்சொல்லைப் பகிர்வதே அன்பு என்ற தோரணையில் 2017இல் ட்விட்டரில் எழுதிய நெட்ஃபிளிக்ஸ், 2023இல் வேறு வீட்டாருக்குத் தருவதை இந்தியா உட்பட நாடு நாடாகத் தடுத்தது. அன்புக்கு ஆறாண்டு.

யார் செய்தது

கருதுகோளின் மையத்துக்கு வருகிறோம். மேகத்தில் இருக்கும் ஒரு விரிதாளைத் திருத்தினால், யார் எந்த நேரத்தில் எந்தக் கட்டத்தை மாற்றினார் என்று பழைய பதிப்புகளின் வரலாற்றில் பதிவாகும். மென்பொருள் செய்தவர்கள் இதைப் பெரிய வசதியாகக் கருதுகிறார்கள். இந்திய அரசும் கருதுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும், அந்தப் பதிவை அணைக்க முடியாத மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும். ஆடிட்டர் இதைப் பார்த்துத் தம் அறிக்கையில் எழுத வேண்டும். நம் அலுவலகமும் பிரைவேட் லிமிடெட்தான். டேலியில் ஒருவர் மட்டும் புழங்கும் சில்வர் உரிமம் வைத்திருக்கிறது. அக்கா எழுந்தால்தான் ஷிப்பிங் உட்காரலாம். இருவரும் நுழைவது ‘அட்மின்’ என்ற பெயரில். சட்டம் கேட்டபடி பதிவு பழுதில்லாமல் இருக்கிறது: மார்ச் 31 இரவு பதினொன்றரைக்கு இன்வாய்ஸைத் திருத்தியவர் அட்மின், காலையில் அதைப் பழையபடி மாற்றியவரும் அட்மின். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து, ஆளுக்குத் தனி லாகின் வேண்டும் என்று ஒரு குறிப்பு வந்தது. அது ‘நியூ ஃபோல்டர் 2’ல் பத்திரமாக இருக்கிறது.

கூட்டுப் பழியின் முழு அழகை ஜி.எஸ்.எம். விவகாரத்தில் காணலாம். ஒரு டி-ஷர்ட் ஆர்டரின் டெக் பேக் என்ற விவரக் கோப்பில் துணியின் எடை 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று இருந்தது. நிட்டிங்குக்கு நூல் போகும் முன் பார்த்தால் 180. இருபது கூடினால் துணியின் எடை எட்டில் ஒரு பங்கு கூடும், நூல் கூடும், பேசிய விலைக்குள் தைக்க முடியாது. நல்லவேளையாக ஃபேப்ரிக் பையன் கண்ணில் பட்டது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார்.

“யாரு கண்ணு இதுல கை வெச்சது?”

எல்லாரும் பிரிண்டரைப் பார்த்தார்கள். அது சும்மா நின்றுகொண்டிருந்தது.

“ஹிஸ்டரி பாத்தா தெரியுமாமா, சொன்னாங்க. எடு அத.”

டிசைனர் தம்பி எடுத்தான். செவ்வாய்க்கிழமை மாலை 6:12க்கு மாற்றம். மாற்றியவர் பெயர் இருந்த இடத்தில் விக்கெட் கீப்பரும் ஏழும். அதாவது பதிவின்படி குற்றவாளி முதலாளியின் மகன். மகன் அந்த நேரத்தில் ஜிம்மில் இருந்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைச் சொன்னால், அப்போது வேறு யார் என்ற கேள்வி திரும்ப வரும் என்பதும் தெரியும். முதலாளி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “செரி, மாத்திப் போடுங்க. இனிமே பாத்துப் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுத் தம் அறைக்குப் போனார். விசாரணை அத்தோடு முடிந்தது. 160 திரும்பியது. அந்த மாற்றத்தையும் செய்தவர் மகனே.

இங்கே கவனிக்க வேண்டியது, எல்லாரும் தப்பித்தார்கள் என்பது மட்டுமில்லை; முதலாளியும் தப்பித்தார். உண்மையில் மாற்றியவர் மாஸ்டர் என்று தெரிந்திருந்தால் இருபத்தி இரண்டு வருட ஆளைத் திட்ட வேண்டியிருக்கும். மெர்ச்சண்டைசர் என்றால் சீசன் நடுவே அவர் கோபித்துக்கொண்டு போவார். பெயர் தெரியாததால் கோபப்பட்டது போலவும் ஆயிற்று, யாரையும் இழக்கவும் இல்லை. தனி உரிமம் கேட்டு இங்கே யாரும் மனுக் கொடுக்காததன் காரணம் இதுவே. தனிப் பட்டா வாங்கினால் வரி ரசீதும் தன் பெயரில் வரும்.

கூட்டு முறைக்கு ஒரு பலவீனம் உண்டென்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பங்காளிகளில் ஒருவர் ஊரை விட்டுப் போய்விட்டால் பட்டாவில் அவர் பெயர் நிற்கும். பழைய மெர்ச்சண்டைசர் ஒருவரின் ஃபோன் எண்தான் கணக்கின் மீட்பு எண்ணாக இருந்தது என்பது, அவர் தீபாவளி போனஸ் தகராறில் வேலையை விட்டு வெகு காலம் கழித்து, சிம் மாற்றிய ஒரு நாளில் தெரியவந்தது. அக்கா அவருக்கு ஃபோன் போட்டு நலம் விசாரித்தார், குழந்தையைப் பற்றிக் கேட்டார், மெதுவாக, “தம்பி, உங்களுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும்” என்றார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வந்திருக்குதுங்கக்கா. என்ற போனஸ் இன்னும் வரலீங்களே” என்றார். தொகை அன்றே ஜிபேயில் போயிற்று. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் எத்தனை வருடமோ.

இத்தனைக்கும் பிறகு, மைத்துனரின் வற்புறுத்தலில் ஒன்பது தனிக் கணக்குகள் வாங்கப்பட்டன. கம்பெனி பெயரில் டொமைன், ஆளுக்கொரு முகவரி, ஆளுக்கொரு உரிமம். சர்வீஸ் தம்பி ஒரே உட்காரலில் ஒன்பதையும் அமைத்துக் கொடுத்தான். அடிக்கடி மறந்துவிடுவார்கள் என்று ஒன்பதுக்கும் ஒரே கடவுச்சொல். முருகன் போய்க் கம்பெனி பெயர் வந்தது, 123 அப்படியே இருந்தது. ஓடிபி எண் கேட்ட இடங்களில் எல்லாம் முதலாளி எண். வேலைக்கு அவசரமென்றால் எந்த சிஸ்டம் திறந்திருக்கிறதோ அதில் உட்காருவது பழைய வழக்கம். அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. விளைவு, பதிவுகளில் இப்போது பெயர்கள் இருக்கின்றன, தவறான பெயர்கள். ஃபேப்ரிக் பையன் அழித்தது அக்கா பெயரில் விழுந்தது. மாஸ்டர் அனுப்பிய கடுமையான அஞ்சல் ஷிப்பிங் பெயரில் டையிங் யூனிட்டுக்குப் போய்ச் சண்டையானது. முன்பு யாருக்கும் பழியில்லை. இப்போது பழி உண்டு, செய்யாதவருக்கு. இரண்டாவது மாதத்தில் யாரும் தீர்மானம் போடாமலே வேலைகள் விக்கெட் கீப்பர் கணக்குக்குத் திரும்பின. ஒன்பது உரிமங்களுக்குப் பணம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. ரத்து செய்ய நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் வேண்டும், அது சர்வீஸ் தம்பியிடம் இருக்கிறது.

நான் களக் குறிப்புகளை முடித்துக்கொண்டிருந்தபோது ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட அன்று கடைசி நாள். “உங்க ஐடியில உள்ள போறோங்க்கா. ஓடிபி ஒண்ணு வரும், பாத்துச் சொல்லிருங்க.” அக்கா முதலாளி அறையை எட்டிப் பார்த்தார். அவர் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு டையிங் யூனிட்டைச் சமாதானப்படுத்தப் போயிருந்தார். ஃபேப்ரிக் பையன் எழுந்து போய்த் திரையில் ‘ட’ போட்டு அன்லாக் செய்தான். ஆறு எண்ணையும் மெர்ச்சண்டைசர் சத்தமாகப் படித்தார்.